நாற்பத்தோராம் செல்

சென்னை
12.2.2006

அன்புள்ள தமிழரசிக்கு,

தருமபுரம் மன்சூர் அலி எழுதுவது. உன் அண்ணன் அருள்மணியோடு பள்ளியிலும் பிறகு இந்த ஆய்வுக்கூடத்திலும் ஒன்றாக இருந்தவன். உங்கள் வீட்டுச் சட்டியில் அத்தனை தடவை சாப்பிட்டவன் இப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருப்பது என் தப்புதான்.

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இங்கே செய்துகொண்டிருந்தது லித்தியமும் கந்தகமும் வைத்து ஒரு பேட்டரி. செல்போனில் இருப்பதைவிட எடை குறைவு, விலை குறைவு, சார்ஜ் நிற்கும் நேரம் அதிகம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாது. அதோடு கரித்தூள் கலந்தால்தான் வேலையே ஆரம்பிக்கும். இன்னொரு தொல்லை, செல் ஓட ஓட கந்தகம் உள்ளே இருக்கும் திரவத்தில் கரைந்து லித்தியத்தின் பக்கம் போய்விடும். போனது முழுசாகத் திரும்பாது. கடையில் வாங்கும் கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும், கந்தகத்தைப் பிடித்து வைக்காது. ஒரு தடவை சார்ஜ் ஏறி இறங்குவது ஒரு சுற்று; நாற்பது சுற்றுக்குள் செல் படுத்துவிடும்.

கரி செய்வது அருளின் வேலை, செல் கட்டுவது என் வேலை. 2004 நவம்பரில் அவன் ஒரு புதுக் கரி கொண்டுவந்தான். அதைப் போட்டுக் கட்டிய செல்லின் எண் 41. அது இன்னும் ஓடுகிறது, தமிழரசி. கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும். ஒரு தடவை ஏறி இறங்க இரண்டு நாள் ஆகும். இன்றோடு இருநூற்று இருபத்து நான்கு சுற்று. அது தாங்கும் மின்சாரம் தொடக்கத்தில் நூறு என்றால் இப்போது எழுபத்தொன்று. உலகத்தில் வேறு யாரும் இப்படி ஓட்டியதாக நான் படிக்கவில்லை.

அந்தக் கரியை என்னால் திரும்பச் செய்ய முடியவில்லை. அவன் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "ஓடு, ஊரிலிருந்து. காற்றில் 600-ல் எரித்தது. ரெசின் ஊற்றி ஊறவைத்து, காற்றில்லாமல் 900. பிறகு அமிலத்தில் கழுவல்." ஒரு வருடமாகத் தேங்காய் ஓட்டை எரித்துக்கொண்டிருக்கிறேன். அவன் எழுதியபடி காற்றில் எரித்தால் சாம்பல்தான் மிஞ்சுகிறது. என்ன ஓடு, எந்த மரம், எப்படிக் காயவைத்தான்? அவனுடைய வேறு நோட்டு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மன்சூர்


கோவில்பத்து, காரைக்கால்
27.2.2006

மன்சூர் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உறையின் மேல் ஆய்வுக்கூடத்து முத்திரை இருந்தது. அண்ணன் எங்களுக்கு எழுதும்போதெல்லாம் அதே உறை, அதே நீல முத்திரை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த முத்திரையைத் தெரியும். தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அம்மா மத்தியான வெயிலில் செருப்புகூடப் போடாமல் கோவில்பத்திலிருந்து கடை வரைக்கும் நடந்து வந்து, ஆட்கள் நிற்கும்போதே கவுண்டர் மேல் உறையை வைத்து, "பாத்தியா, அருளு எழுதிட்டான். நான் சொன்னேன்ல" என்றார்கள்.

நான் பிரித்துப் பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னடி எழுதியிருக்கான், பொங்கலுக்குக் கூட வரலயே, அதப்பத்தி எதுனா எழுதியிருக்கானா?" என்று கேட்டார்கள். "வேலை அதிகமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அண்ணன் உடல் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுனாமி வந்த அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சுதான். அவன் முந்தின நாள் சனிக்கிழமையே சென்னைக்குத் திரும்பிவிட்டான், அங்கே வேலையில் இருக்கிறான். சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள், சண்டைதான் மிச்சம்.

போன நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் தருமபுரம் வந்ததை நான் அறிவேன். உங்கள் தெரு நஜீபா அக்கா கடைக்கு வந்தபோது சொன்னார்கள். தருமபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு சைக்கிளில் கால் மணி நேரம் ஆகாது. வரவில்லை. இப்போது ஓடு என்ன ஓடு என்று கேட்டு எழுதுகிறீர்கள்.

இனி எழுத வேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் வெற்று உறையில், கடை விலாசத்துக்கு எழுதுங்கள்.

தமிழரசி


சென்னை
18.3.2006

தமிழரசிக்கு,

வெற்று உறைதான். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. அந்த முத்திரையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நான் வந்தேன். உனக்குத் தெரியாது. டிசம்பர் 29-ஆம் தேதி பஸ் கிடைத்த இடம் வரைக்கும் பஸ்ஸிலும் மிச்சத்தை லாரியிலும் வந்தேன். ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்த பட்டியல்களைப் பார்த்தேன். இரண்டு நாள் தேடினேன். கிளிஞ்சல்மேட்டில் உங்கள் வீடு இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை. உங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருப்பதாகச் சொன்னார்கள். வாசல் வரைக்கும் வந்தேன். அம்மா கேட்டருகே நின்று, போகிற வருகிற ஒவ்வொரு ஆளையும் கையைப் பிடித்து, "எம் புள்ளையப் பாத்தீங்களா, கண்ணாடி போட்டிருப்பான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவரையும் கேட்டார்கள். அடுத்தது நான். என்னால் முடியவில்லை. திரும்பிவிட்டேன். பெருநாளுக்கு வந்தபோதும் கோவில்பத்து முனை வரைக்கும்தான் வந்தேன். என் உம்மாவிடம் உங்களைப் பார்த்துவிட்டு வந்ததாகப் பொய் சொன்னேன்.

ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

வேறொன்று சொல்கிறேன், பைத்தியம் என்று நினைக்காதே. காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் மற்ற எதையும் தொடாமல் 41 முன்னால் போய் நிற்கிறேன். அதன் மேல் ஒட்டிய சீட்டு அருளின் கையெழுத்து. ஏறி முடித்து இறங்க ஆரம்பிக்கும்போது இயந்திரத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த அறையில் முப்பத்திரண்டு செல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதே சத்தம்தான். ஆனால் 41-இன் சத்தம் வரும்போது நான் "ம்" என்கிறேன். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல. போன வாரம் ஒரு மாணவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பேராசிரியர் அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார். போதுமான தகவல் கிடைத்துவிட்டதாம். நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஓட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கேட்டதே தப்பு.

மன்சூர்


காரைக்கால்
9.5.2006

மன்சூர் அண்ணனுக்கு,

நீங்கள் வாசல் வரைக்கும் வந்ததைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். அன்று அம்மா உங்கள் கையைப் பிடித்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கும் தெரியவில்லை.

அது தேங்காய் ஓடு இல்லை. நண்டு ஓடு.

நீலக்கால் நண்டு. கரையில் கால் ஒடிந்தது, சதை இல்லாதது என்று பெண்கள் ஒதுக்கிப் போடுவார்களே, அதன் ஓடு. அண்ணன் லீவுக்கு வரும்போதெல்லாம் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வருவான். கழுவிக் காயவைத்து, உரலில் இடித்து, சலித்து, பிஸ்கட் டின்னில் போட்டுச் சென்னைக்கு எடுத்துப்போவான். ஒரு தடவை நான், "இதுல என்னண்ணே இருக்கு?" என்று கேட்டேன். "ஓட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா இருக்கு பாப்பா. சதையெல்லாம் எரிஞ்சு போனா சுண்ணாம்பு மட்டும் நிக்கும். அந்த ஓட்டைக்குள்ள ரெசினை விட்டுக் கரியாக்கிட்டு, அப்புறம் ஆசிட்ல சுண்ணாம்பக் கரைச்சுட்டா, கரி குழல் குழலா நிக்கும். கந்தகம் அதுக்குள்ள போயி உக்காந்துக்கும், வெளிய வராது" என்றான். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. ஆனால் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கிறீர்களா? ஹாஸ்டலில் அவன் பெட்டியைத் திறந்தாலே எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு "கருவாட்டு விஞ்ஞானி வந்துட்டாரு" என்பீர்களாம். அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டை அவன் ஒரு தடவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். நண்டு ஓட்டை எடுத்துவந்தேன் என்று சொல்லியிருந்தால் என்ன பேர் வைத்திருப்பீர்கள்? "முதல்ல ரிசல்ட் வரட்டும், அப்புறம் என்ன ஓடுன்னு சொல்லிக்கிறேன்" என்றான். மன்சூரும் சிரித்தான் என்று சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்த்தேன்.

கொஞ்சம் ஓடு வேண்டும் என்றால் நான் அனுப்புகிறேன். அவன் செய்தது யாருக்கும் தெரியாமல் போக வேண்டாம்.

தமிழரசி


சென்னை
20.8.2006

தமிழரசிக்கு,

உன் பார்சல் ஜூன் மாதமே வந்தது. டின்னைத் திறந்ததும் வாடை அறை முழுக்கப் பரவியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஆமாம், நானும் சிரித்தேன். அந்தப் பேரை வைத்ததே நான்தான். அவன் அதையும் உன்னிடம் சொல்லியிருப்பான், நீ எழுதாமல் விட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. எரித்தபோது வெள்ளைச் சுண்ணாம்பு நின்றது. ரெசினை இழுத்துக்கொண்டது. கறுத்து வந்ததை அமிலத்தில் போட்டபோது நுரைத்துப் பொங்கியது, அடங்கியபோது மையைவிடக் கறுப்பாக அடியில் நின்றது. மின்சாரம் நன்றாகப் பாய்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குழல் குழலாக, ஒரே திசையில். ஒரு மணி நேரம் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு செல் கட்டினேன். இன்றைக்கு இருபத்தைந்து சுற்று, நாலும் 41 போன பாதையிலேயே போகின்றன. கடைக் கரி போட்ட செல் இதே இருபத்தைந்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய கடிதம் இது. ஆனால் இதற்கு மேலும் மறைத்து வைத்தால் இதைப் பற்றி எழுதப்போகும் கட்டுரையில் அவன் பேருக்குப் பக்கத்தில் என் பேரை எழுத எனக்குக் கை வராது.

அவன் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவதாக இருந்தான். டிக்கெட்கூட எடுத்துவிட்டான். கரி தீர்ந்துவிட்டது. ஜனவரியில் ஒரு கருத்தரங்கு, அதற்குள் இன்னும் பத்து செல்லாவது கட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். "பொங்கல் வரைக்கும் எதுக்குடா ஒக்காந்திருக்கணும்? இந்த வாரமே போயி ஓட்ட எடுத்துட்டு வந்துடு" என்றேன். அவன் தயங்கினான். நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது.

நான் அனுப்பாமல் இருந்திருந்தால் அவன் அன்றைக்கு என் பக்கத்து மேஜையில் இருந்திருப்பான். அம்மா சொல்வதுதான் நடந்திருக்க வேண்டியது. அதனால்தான் அவர்கள் முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

மன்சூர்


காரைக்கால்
3.10.2006

மன்சூர் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு மாதத்துக்கு மேல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பதில் எழுதவிடாமல் தடுத்தது நீங்கள் செய்த காரியம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நாகூர் பக்கத்திலிருந்து, பதினொரு மணிக்கு. அண்ணன் முந்தின நாளே இரண்டு சாக்கு ஓடு சேர்த்து வாசலில் கொட்டிவைத்திருந்தான். ஈ மொய்க்கிறது. அம்மா பின்கட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போகணுமா? இந்த நாத்தத்தத் தூக்கிட்டு எங்கயாவது தொலைஞ்சு போயேன்" என்று கத்தினேன்.

அவன் சிரித்தான். "கோவிச்சுக்காத பாப்பா, கரையில கழுவி அங்கயே காயப்போட்டுட்டு, மாப்பிள்ள வர்றதுக்குள்ள குளிச்சிட்டு நிக்கிறேன்" என்று இரண்டு சாக்கையும் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டாவது சாக்கை எடுக்க வந்தபோது என் பக்கம் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒன்பது மணிக்குத் தண்ணீர் வந்தது. அம்மாவும் நானும் கோயில் பக்கம் ஓடினோம். கரையில் நின்றவர்கள் யாரும் வரவில்லை.

இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. யார் கேட்டாலும் "கரைக்குப் போயிருந்தான்" என்று மட்டும் சொல்வேன். அம்மா "அவன் சனிக்கிழமையே போயிட்டான்" என்னும்போது நான் மறுத்துப் பேசாததற்குக் காரணமும் அதுதான். அம்மா சொல்வது எனக்கும் வசதியாக இருந்தது.

உங்கள் கடிதம் படித்த பிறகுதான், இதே பாரத்தை வேறொருவரும் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. உங்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்கள் என்னை என்ன நினைப்பீர்களோ தெரியவில்லை.

இன்னொரு விஷயம். போன வாரம் அம்மாவிடம், அண்ணன் செய்த ஒரு சாமான் இன்னும் சென்னையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏதாவது உண்மையைச் சொல்லவேண்டும் போலிருந்தது. அம்மா உடனே எழுந்து புடவை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். "ஓடுதுன்னா அவன் அங்கதானடி இருக்கான்" என்கிறார்கள். தினமும் கேட்கிறார்கள். இனி என்னால் நிறுத்த முடியாது. கூட்டிவரட்டுமா?

தமிழரசி


சென்னை
20.10.2006

தமிழரசிக்கு,

உன்னைப் பற்றி நான் வேறு எதுவும் நினைக்கவில்லை. வீட்டில் தங்கை அண்ணனிடம் கத்துவதும், நண்பன் நண்பனை அவசரப்படுத்துவதும் எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். உன் விஷயத்தில் இதை என்னால் நம்ப முடிகிறது. என் விஷயத்தில் இன்னும் முடியவில்லை.

கூட்டிக்கொண்டு வா. நவம்பர் 11, சனிக்கிழமை, ஆய்வுக்கூடத்தில் ஆள் குறைவாக இருக்கும். காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். 41 இப்போது ஐம்பத்தெட்டில் இருக்கிறது. மாதக் கடைசியில் கழற்றச் சொல்லி பேராசிரியர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வாருங்கள்.

மன்சூர்


காரைக்கால்
26.11.2006

மன்சூர் அண்ணனுக்கு,

ஊருக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று போனில் சொன்னேன். மிச்சத்தைப் போனில் சொல்ல முடியவில்லை.

அம்மா இயந்திரத்தின் முன்னால் போய் நின்றதும் நீங்கள் டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போய்விட்டீர்கள். ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அம்மா முதலில் அறை முழுக்கப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்தார்கள். "எதுடி?" என்றார்கள். காட்டினேன். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை போல. குனிந்து காதை வைத்துக் கேட்டார்கள்.

"சத்தமே இல்லையே. ஓடுதுன்ன?"

"ஓடுதும்மா. அந்த கம்ப்யூட்டர்ல கோடு போகுது பாருங்க."

"யாரு ஓட்டுறா?"

"மெஷின்மா. தானா ஏத்தி தானா இறக்கும்."

"ஞாயித்துக்கிழமையிலயும்?"

"எல்லா நாளும்."

"ஒரு ஆளு பக்கத்துல இருக்க வேணாமா?"

"வேணாம்மா. ஆள் வேணாம்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்ததே, அதன் மேல் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அதையும் பார்த்தார்கள். பிறகு சாதாரணமாக, மீன் விலை சொல்வதுபோலத்தான் சொன்னார்கள்:

"அப்ப அவன் இங்க இல்ல."

நான் "இல்லம்மா" என்றேன். இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றுதான் சொன்னேன்.

அப்புறம் நீங்கள் டீயோடு வந்தீர்கள். "இத நிறுத்திடட்டுமாம்மா?" என்று கேட்டீர்கள். "அது உங்க வேல தம்பி, எனக்கென்ன தெரியும்" என்று அம்மா சொன்னபோது கோபமாகச் சொன்னதாக நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. பஸ்ஸில் வரும்போது, "அந்தப் புள்ள பாதியா எளச்சுப் போயிட்டான், அவங்க உம்மா கவனிக்கிறதில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

சிதம்பரம் தாண்டியதும் அம்மா அழ ஆரம்பித்தார்கள். வாய்விட்டு. கண்டக்டர் பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார். முன் சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, யார் என்ன என்று கேட்காமல் அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சீர்காழி வரைக்கும் அப்படியே வந்தாள். அங்கே இறங்கும்போதுதான் "யாரும்மா?" என்று என்னைக் கேட்டாள். "அண்ணன்" என்றேன்.

அன்று ராத்திரி சாக்கைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். நான் கத்தியதை, முகத்தைத் திருப்பிக்கொண்டதை, எல்லாவற்றையும். அம்மா, "எனக்குக் கேட்டுச்சுடி. இட்லி ஊத்திக்கிட்டுதான இருந்தேன்" என்றார்கள்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் இத்தனை நாளும் அவன் சனிக்கிழமை போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள். யாருக்காகச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று முன்தினம் அம்மாவே என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். இறப்புப் பதிவு செய்ய எழுதிக்கொடுங்கள் என்று மூன்று தடவை ஆள் அனுப்பியும் போகாதவர்கள். எழுத்தர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். பேர் சொன்னேன், வயது சொன்னேன், படிப்பு சொன்னேன். என்றைக்கு என்று கேட்டபோது அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு, "எழுதிக்குங்க ஐயா. மார்கழி பவுர்ணமி, ஞாயித்துக்கிழம. காலையில" என்றார்கள்.

தமிழரசி